சாரோட கை

இந்த ஓரமா உக்காருங்கக்கா, அந்தப் பக்கம் பெஞ்சுக்குக் கால் ஆடும். போன வாய்தாவுக்கு ஒரு பெரியவர் அதுல உக்காந்து அப்படியே சரிஞ்சுட்டார். இல்ல, என்னைப் பார்க்க வேணாம். நீங்க அந்த வேப்பமரத்தைப் பாருங்க, நான் நோட்டீஸ் போர்டைப் பார்த்துட்டே பேசறேன். சாட்சிகிட்ட எதிரி பேசக் கூடாதாம். பேசினா ஜாமீன் போயிடும்னு என் வக்கீல் சொல்லியிருக்கார். எதிரின்னா நான்தான். கேஸ் கட்டுல அப்படித்தான் எழுதறாங்க, முதல் எதிரின்னு. ரெண்டாவது எதிரின்னு ஒருத்தருமே கிடையாது, ஆனாலும் நான் முதல் எதிரி.

பயப்படாதீங்க, பொய் சொல்லச் சொல்லி வரல. இன்னைக்கு நீங்க கூண்டுல ஏறப் போறீங்க. ஏறிட்டா அவங்க கேக்கறதுக்கு மட்டும்தான் பதில். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். நீங்க உங்க காதால கேட்டதுதான். அதை ஜட்ஜம்மா முன்னாடி சொல்லிட்டீங்கன்னா எனக்கு மூணு வருஷம் மிச்சம். அவ்வளவுதான் கேக்கறேன்.

என் பேரு அறிவுச்செல்வி. தெரிஞ்சிருக்கும், பேப்பர்லயே வந்துச்சே. 'டிஜிட்டல் கையெழுத்து கையாடல், தாலுகா ஆபீஸ் பெண் ஊழியர் கைது'ன்னு. கையாடல்னா காசை எடுத்தவங்களைத்தானே சொல்லுவாங்க? ஆறு வருஷம் அந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஆபரேட்டரா இருந்தேன், ஒரு டீக்குக்கூட கை நீட்டினதில்லக்கா. இப்ப தெருவுல எனக்கு ஹேக்கர்னு பேரு. எதிர்வீட்டம்மா நேத்துகூட வந்து, அவங்க மருமகனோட போனைக் கொஞ்சம் திறந்து தர முடியுமான்னு காதுல கேக்குது. எக்செல்ல கூட்டல் போடறதுக்கே பக்கத்து சீட்டு ஆளைக் கூப்பிடறவ நான். முன்னெல்லாம் இதுக்கு அழுவேன். இப்ப அழுகையும் வரல, சிரிப்பும் வரல. பல்லுக்கு ஊசி போட்டா கன்னம் மரத்துப் போகும் பாருங்க, அப்படியே உடம்பு முழுக்க இருக்கு.

அந்தக் கையைப் பத்திச் சொல்லணும். உங்களுக்குத் தெரியும், நீங்க கேட்டிருக்கீங்க. ஆனாலும் சொல்றேன். தாசில்தார் ஒரு சான்றிதழ் கொடுக்கணும்னா இப்பல்லாம் பேனா கிடையாது. பென் டிரைவ் மாதிரி ஒண்ணு கொடுத்திருப்பாங்க. அதைக் கம்ப்யூட்டர்ல சொருகி, பின் நம்பர் அடிச்சு, ஒப்புதல்னு ஒரு பட்டன். அவ்வளவுதான், அவர் கையெழுத்து விழுந்துடும். அதுக்குப் பெரிய பேரெல்லாம் இருக்கு. எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு சாரோட கை. நான் சேர்றதுக்கு முன்னாடியே அந்தப் பேரு இருந்துச்சு. "சாரோட கை எங்கம்மா?" "கை என் டிராயர்ல இருக்கு." "கையைக் கழட்டிட்டியா?" இப்படித்தான் பேசுவோம். புதுசா வர்ற ஆளுங்க முதல் நாள் மிரண்டு போயிடுவாங்க.

சட்டப்படி அந்தக் கை சார்கிட்டதான் இருக்கணும். வாங்கும்போதே 'என் சொந்தப் பொறுப்பில் வைத்துக்கொள்வேன்'னு எழுதிக் கொடுத்துதான் வாங்குவாங்க. எந்தத் தாலுகாவுல சார் வெச்சிருக்கார், சொல்லுங்க? ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு வரும். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடம், வாரிசு. சார் மீட்டிங் போவாரா, ஏரி உடைஞ்சதைப் பார்க்கப் போவாரா, அமைச்சர் வந்தா சால்வை வாங்கப் போவாரா? கை என் டிராயர்ல இருக்கும். பின் நம்பர் அவர் பொண்ணு பிறந்த வருஷம். அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நான் பந்தி பரிமாறியிருக்கேன். கலெக்டர் ஒரு தடவை ஆபீசுக்கு வந்தப்போ என்னைக் காட்டி, "இவங்கதான் மேடம் என் வலது கை"ன்னார். நான் அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர்கிட்ட நாலு தடவை சொன்னேன்.

அதே சார் போன மாசம் இதே கூண்டுல நின்னு, "அந்தப் பெண்மணி தற்காலிகப் பணியாளர் என்ற அளவில் தெரியும்"னார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, நான் அதைக் கண்ணால பார்த்தேன். கை அவரோட பீரோவுல வெச்சுப் பூட்டியிருந்ததாம், நான் எடுத்துட்டேனாம். புகார் கொடுத்ததே அவர்தானே. நீங்க மனுநீதி நாள்ல கலெக்டர்கிட்ட மனு கொடுத்தீங்க, விசாரணை வந்துச்சு, அன்னைக்குச் சாயங்காலமே சார் போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டார், என் கையெழுத்தைத் திருடிட்டாங்கன்னு. ஆறு மாசத்துல ரிடையர்மென்ட் அவருக்கு. கையை நான்தான் கொடுத்தேன்னு சொன்னா பென்ஷன் நின்னுடும். அவரைக் குத்தம் சொல்லல. கை கழுவிட்டார், அவ்வளவுதான். பாருங்க, எதைப் பேசினாலும் கைதான் வருது.

ஸ்டேஷன்லயும் இந்தப் பேச்சுதான் என்னை மாட்டிவிட்டுச்சு. ரைட்டர் கேக்கறார், "கை எங்க இருந்துச்சு?" நான் பழக்கதோஷத்துல, "சாரோட கை எப்பவும் என் டிராயர்லதான் சார்"னேன். அவர் எழுதறதை நிறுத்திட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்தார். பக்கத்துல இருந்த லேடி கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கிச்சு. வேற மாதிரி நினைச்சுட்டாங்கக்கா. எனக்கும் அவருக்கும். என் வீட்டுக்காரர் காது வரைக்கும் அது போச்சு. அவர் ஒண்ணும் கேக்கல. கேக்காம இருக்கிறதுதான் இன்னும் நடந்துட்டிருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பேர் கூப்பிடற டவாலி வர்றாரான்னு பார்த்துக்குங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, தகவல் தொழில்நுட்பச் சட்டம், அறுபத்தாறு சி. எனக்கு மனப்பாடம். இன்னொருத்தரோட மின்னணுக் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ மோசடியாவோ நேர்மையில்லாமலோ பயன்படுத்தினா மூணு வருஷம். கவனிச்சீங்களா, பயன்படுத்தினா மட்டும் குத்தம் இல்ல. நேர்மையில்லாம பயன்படுத்தணும். அங்கதான் என் உசுரு ஊசலாடுதுன்னு வக்கீல் சொல்றார். சார் கொடுத்துதான் நான் எடுத்தேன்னு ஒரு வெளியாள் சொல்லிட்டா திருட்டு இல்லன்னு ஆயிடும். ஆபீஸ் ஆளுங்க யாரும் சொல்ல மாட்டாங்க. அவங்கவங்க டிராயர்ல ஒரு கை இருக்கே இப்பவும்.

வெளியாள்னா நீங்கதான்.

ஞாபகம் இருக்கா? செவ்வாய்க்கிழமை. நீங்க கத்தரிப்பூ கலர்ல ஒரு புடவை, கையில மடக்குக் குடை, ஒரு பிளாஸ்டிக் கவர்ல பேப்பருங்க. இதே கவர்தான்னு நினைக்கிறேன். என் மேஜை முன்னாடி நின்னு பேசிட்டிருந்தீங்க. சார் உள்ளேருந்து வெளிய கிளம்பினார். கதவுகிட்ட நின்னுட்டு, "அறிவு, என் கையை எடுத்து வெச்சுக்கோ, நான் வர மூணு மணி ஆகும், நீயே போட்டு விட்டுடு"ன்னு சத்தமாச் சொல்லிட்டு, அதைத் தூக்கி என் மேஜைல போட்டார். நீங்க திடுக்குனு அவரோட ரெண்டு கையையும் பார்த்தீங்க. ரெண்டும் இருக்கான்னு பார்த்த மாதிரி இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உங்களுக்கும் லேசா வந்துச்சு.

அதைத்தான் சொல்லணும். அந்த ஒரு வரி. சார் சொன்னார், நான் கேட்டேன்னு.

வக்கீல்கிட்ட இதைச் சொன்னேன், சந்தோஷப்படுவார்னு பார்த்தா தலைல கையை வெச்சுக்கிட்டார். இலவச சட்ட உதவில கொடுத்த பையன், முப்பது வயசுகூட ஆகல. "அக்கா, தயவுசெஞ்சு அந்தம்மாவை நீங்க முதல் தடவை பார்த்தது கோர்ட்லதான்னு இருங்க. ஆபீஸ்ல பார்த்ததா வாயே திறக்காதீங்க"ன்னார். ஏன்ப்பான்னா, "கேக்காதீங்க"ன்னுட்டார். அனுபவம் பத்தாது. இருக்கிற ஒரே சாட்சியை வேணாம்ங்கறார். அதான் நானே வந்தேன்.

நீங்க வந்த செவ்வாய்க்கிழமைக்கு ஒன்பது நாள் கழிச்சுதான் அது நடந்துச்சு. வியாழக்கிழமை. கலெக்டர் ஆபீஸ்ல ரிவ்யூ மீட்டிங். எல்லாத் தாலுகாவையும் திரையில போட்டு, யார்கிட்ட எத்தனை பெண்டிங்னு சிவப்புல காட்டுவாங்க. சார் போன் பண்றார், குரல் கிசுகிசுன்னு இருக்கு. "அறிவு, அறுபத்துமூணு நிக்குது. அடுத்து நம்ம தாலுகா. ஜீரோ ஆக்கு. ஒண்ணுகூட நிக்கக் கூடாது." நாப்பது செகண்டு போன். போன் வந்ததுக்கு ரெக்கார்டு இருக்காம், என்ன பேசினார்ங்கறதுக்கு இல்லையாம்.

கையைச் சொருகினேன். பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு ஆரம்பிச்சு பதினொண்ணு அம்பத்தேழுக்கு முடிச்சேன். பதினஞ்சு நிமிஷத்துல அறுபத்துமூணு. அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணையும் செகண்டு செகண்டா எழுதி வெச்சிருக்கு. லாக்னு சொல்றாங்க. சென்னையிலேருந்து எடுத்துட்டு வந்தாங்க, பதினோரு பக்கம். கம்ப்யூட்டர்லேருந்து எடுத்த பேப்பர் கோர்ட்ல செல்லணும்னா, இது நிஜமான லாக்தான்னு ஒரு அதிகாரி சான்றிதழ் கொடுக்கணுமாம். கொடுத்திருக்கார். டிஜிட்டல் கையெழுத்துதான். அவரோட கையை அங்க யாரு அமுக்கினாங்களோ.

சார் அந்த நேரத்துல கலெக்டர் ஆபீஸ்ல இருந்தார்னு வருகைப் பதிவேடு சொல்லுது. இங்க அவர் கையெழுத்து விழுந்துட்டு இருந்துச்சுன்னு லாக் சொல்லுது. அப்ப வேற யாரோ போட்டிருக்காங்க. அவ்வளவுதான் கேஸ். ரொம்ப சுலபமான கேஸுன்னு இன்ஸ்பெக்டரே சொன்னார்.

அந்த அறுபத்துமூணுல ஒண்ணுதான் உங்க அப்பாவோடது. மறைந்த கோவிந்தசாமி, வாரிசுகள் இருவர், மகன், மகன். நான் எதையும் படிக்கலக்கா. படிக்கிறது என் வேலையும் இல்ல. விஏஓ விசாரிக்கணும், ஆர்ஐ பார்க்கணும், சார் பார்க்கணும். மூணு பேர் பார்த்துட்டாங்கன்னுதானே என்கிட்ட வருது? நான் வெறும் விரல். அறுபத்திரண்டு சான்றிதழ் பதினோரு நிமிஷத்துல போட்டிருக்கேன், ஒண்ணுக்குப் பத்து செகண்டு. பத்து செகண்டுல யாரு படிப்பாங்க? என் வக்கீல் அதைத்தான் கேட்டார், லாக் எடுத்துட்டு வந்த அந்த நிபுணர்கிட்ட.

உங்களோடது மட்டும் நாலு நிமிஷம்.

ஆமா, அரசு வக்கீல் அதைப் பிடிச்சுக்கிட்டார். "மற்றதெல்லாம் பத்து நொடி, இது மட்டும் ஏன் நான்கு நிமிடம் திறந்திருந்தது?"ன்னு. நெட் நின்னுடுச்சு. அப்படித்தான் சொன்னேன். எங்க ஆபீஸ்ல நெட் நிக்காத நாளே கிடையாது. வக்கீலும் அதையே சொல்லிட்டார். முடிஞ்சுது.

அந்தச் சான்றிதழை வெச்சு உங்க தம்பிங்க வீட்டை வித்துட்டாங்கன்னு தெரியும். போன ஆடியில அந்தப் பக்கம் பஸ்ல போனேன். இடிச்சுட்டு கல்யாண மண்டபத்துக்கு கார் நிறுத்தற இடம் பண்ணியிருக்காங்க. ஒரு மாதுளைச் செடி மட்டும் ஓரமா விட்டு வெச்சிருக்காங்க. உங்க அம்மா வெச்சதா? சான்றிதழை ரத்து பண்ணிட்டாங்கதான். ரத்து பண்ணினா வீடு வந்துடுமா? நீங்க வேற ஆளுங்கள்ல கட்டிக்கிட்டதுக்காக, பொண்ணே பிறக்கலன்னு எழுதிட்டாங்க. நான் இல்லக்கா, விஏஓகிட்ட அப்படிச் சொன்னது அவங்க.

எனக்கும் எல்லாம் போச்சு. வேலை போச்சு. ஒரு ஜெராக்ஸ் கடையில இருக்கேன், கம்ப்யூட்டரைத் தொடக் கூடாதுன்னு கடைக்காரர் சொல்லிட்டார், காகிதம் மட்டும் வெச்சு எடுப்பேன். எப்பவாவது விரல் தானா மேஜைல அமுக்கிட்டே இருக்கும். ஒப்புதல், ஒப்புதல், ஒப்புதல். ஒண்ணும் தோணாது, விரல் மட்டும் அமுக்கும்.

சொல்லுவீங்கதானே? ஒரு வரிதானே கேட்டேன்.

என்ன? சத்தமாக் கேக்காதீங்க, போலீஸ்காரர் பார்க்கறார். செவ்வாய்க்கிழமை நீங்க எதுக்கு வந்தீங்கன்னா?

அது... வந்தீங்க. அப்பா போயிட்டார், தம்பிங்க வாரிசுக்கு எழுதிப் போட்டிருக்காங்க, என் பேரை விட்டுடுவாங்கபோல இருக்கு, கொஞ்சம் பாருங்கன்னு. ஒரு ஸ்கூல் சர்டிபிகேட் காட்டினீங்க. நான், "இது ஆன்லைன்மா, இங்க ஒண்ணும் பண்ண முடியாது, விஏஓவைப் பாருங்க"ன்னேன். நீங்க கலெக்டருக்குக் கொடுத்த மனுல இது இல்லையே. மரத்தடியில மனு எழுதறவர் அதை விட்டுட்டார்போல. எங்கயும் இல்ல. ஒரு பேப்பர்லயும் இல்ல.

ஓ.

நீங்க அன்னைக்கு அங்க நின்னதாச் சொன்னா, எதுக்கு நின்னீங்கன்னு கேப்பாங்க. சொல்லுவீங்க. அப்ப பொண்ணு ஒருத்தி இருக்கறது எனக்குத் தெரியும்னு ஆயிடும். கொடுத்த கையைத்தான் போட்டேன்னு ஆகும், தெரிஞ்சே போட்டேன்னும் ஆகும். அதான் அந்தப் பையன் தலைல கையை வெச்சுக்கிட்டான். அதானா. எனக்கு இது தோணவே இல்லக்கா. நிஜமாத் தோணல.

நாலு நிமிஷமா?

உங்க தம்பி அவசரத்துல பழைய ரேஷன் கார்டையும் சேர்த்து ஸ்கேன் பண்ணிட்டார். அதைத் திறந்தேன். அஞ்சு பேரு இருந்துச்சு. தமயந்தி, மகள், பதினாலு வயசு. உடனே உங்க மடக்குக் குடை ஞாபகம் வந்துச்சு. திருப்பி அனுப்பறதுக்கும் ஒரு பட்டன் இருக்கு, ஒப்புதலுக்குப் பக்கத்துலயே. மவுஸை அதுமேலதான் வெச்சிருந்தேன். திருப்பி அனுப்பினா ஒண்ணு நிக்கும். ஒண்ணு நின்னா ஜீரோ ஆகாது இல்ல? சார் திரும்பவும் போன் பண்ணினார், "ஆச்சா?"ன்னு. ஆச்சு சார்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் அமுக்கினேன்.

அன்னைக்கு நம்ம தாலுகாவுக்கு மீட்டிங்ல கைதட்டினாங்களாம். சார் எல்லாருக்கும் மைசூர்பா வாங்கிட்டு வந்தார். நானும் சாப்பிட்டேன்.

எழுந்துட்டீங்களா? ஆமா, கூப்பிடறார். கேளுங்க, மூணு தடவை கூப்பிடுவார். கோவிந்தசாமி மகள் தமயந்தி. முழுசாக் கூப்பிடறாங்க பாருங்க, அப்பா பேரோட.

போங்கக்கா. இல்ல, நெட் நிக்கல. அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

அந்தக் கவரை இங்கயே வெச்சுட்டுப் போங்க, கூண்டுல அதை வெச்சுக்கிட்டு சிரமமா இருக்கும். நான் பார்த்துக்கறேன்.

சரி. எடுத்துட்டே போங்க.